சுமைதாங்கிக்கும் ஒரு சுமைதாங்கி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆலோசகர் பயிற்சிக்குப் போனப்போ, "கேக்கறதுதானே, இதுல என்ன கஷ்டம்?"னு நினைச்சேன். மூணாவது மாசம், புருஷனிடம் அடிபட்ட ஒரு பெண் பேசப் பேசக் கேட்டேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. காரணமே இல்லாமல் மகளிடம் எரிந்து விழுந்தேன். வெளியே சொன்னா, இவ லாயக்கில்லைனு நினைப்பாங்களோனு பயம். பயிற்சியை விட்டுடலாம்னே இருந்தேன்.

வாரக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் அக்கா என் முகத்தைப் பார்த்தே கேட்டுட்டாங்க. அழுதுட்டேன். "எனக்கும் இப்படி ஆகியிருக்கு. உங்க எட்டுப் பேர் பாரத்தையும் நான் கேக்கறேன். அதை இறக்கி வைக்க எனக்கும் ஒரு ஆள் இருக்காங்க"ன்னாங்க.

அன்று முதல் எங்களுக்குள் சில வழக்கங்கள். பெயர், ஊர் சொல்லாமல் பாரத்தை மட்டும் இறக்குவோம். கனமான பிரச்சினை ஒன்று கேட்டால், அன்றைக்கு இன்னொன்று எடுப்பதில்லை. அடி, மிரட்டல் என்றால் 181. மனம் உடைந்து போனால் 14416. இந்த இரண்டாவது எண் ஆலோசகருக்கும்தான்.

சகோதரிகளே, உங்க ஊர் ஆலோசகரைப் பார்த்தா, "சாப்பிட்டியாம்மா, நல்லா இருக்கியா?"னு ஒரு வார்த்தை கேளுங்க.