இரைப்பைச் சிரை ரத்தப்போக்கு: வளையம், பசை, சுருள் (மேட்டுப்பாளையம் கருத்தரங்கத் தலைமை உரை)

சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்க நோயில், தழும்பேறிய கல்லீரல் குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தத்துக்கு எளிதில் வழிவிடுவதில்லை. போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏற, ரத்தம் மாற்றுவழி தேடி உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் உள்ள மெல்லிய சிரைகளைப் புடைக்க வைக்கிறது. உணவுக்குழாய்ச் சிரை உடைந்தால் எண்டோஸ்கோப்பி வழியே ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. இரைப்பைச் சிரைக்கு அதே விடை எப்போதும் பொருந்தாது. ஏன் பொருந்தாது, எங்கே எது பொருந்தும் என்பதே இக்கருத்தரங்கின் பொருள்.

டெல்லியைச் சேர்ந்த எஸ்.கே. சரினும் உடன் பணியாற்றியோரும் 568 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1992இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளம். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தொடக்கத்திலேயே இரைப்பைச் சிரைப் புடைப்பு இருந்தது. உணவுக்குழாய்ச் சிரைகளில் 64 விழுக்காட்டினருக்கும் இரைப்பைச் சிரைகளில் 25 விழுக்காட்டினருக்கும் ரத்தப்போக்கு ஏற்பட்டது. ஆனால் ஒருவருக்கு ஏற்றவேண்டியிருந்த ரத்தம் முன்னதில் சராசரியாக 2.9 யூனிட், பின்னதில் 4.8 யூனிட். இரைப்பையில் ரத்தப்போக்கு குறைவாகவே நேர்கிறது. நேர்ந்தால் கடுமையாக இருக்கிறது.

அந்த ஆய்வு தந்த வகைப்பாடே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. உணவுக்குழாய்ச் சிரை இரைப்பையின் சிறுவளைவு வழியே கீழிறங்கினால் ஜி.ஓ.வி. 1, இரைப்பையின் மேல்முகடான ஃபண்டஸுக்குள் நீண்டால் ஜி.ஓ.வி. 2. உணவுக்குழாயோடு தொடர்பின்றி ஃபண்டஸில் மட்டும் இருப்பது ஐ.ஜி.வி. 1, இரைப்பையின் பிற இடங்களிலோ முன்சிறுகுடலிலோ இருப்பது ஐ.ஜி.வி. 2. முதல் வகையே மிகுதி. ஐ.ஜி.வி. 1 அரிது என்றாலும், அவ்வகையினரில் 78 விழுக்காட்டினருக்கு ரத்தப்போக்கு ஏற்பட்டது. கணைய அழற்சியால் மண்ணீரல் சிரை அடைபட்டாலும் இவ்வகை தோன்றும். அப்போது கல்லீரல் நலமாகவே இருக்கும். மண்ணீரலை அகற்றினால் காரணமே நீங்கிவிடும்.

ஜி.ஓ.வி. 1 உணவுக்குழாய்ச் சிரையின் நீட்சி. அதற்கு வளையமும் போடலாம், பசையும் செலுத்தலாம். ஃபண்டஸ் சிரைகளின் அமைப்பு வேறு. அவை பருத்தவை, ஆழத்தில் கிடப்பவை, தடித்த சளிச்சவ்வால் மூடப்பட்டவை. வளையக் குப்பிக்குள் உறிஞ்சினால் சிரை முழுமையாக வராது. ஒரு பக்கம் மட்டுமே கட்டுப்படும். சில நாளில் வளையம் உதிர்ந்து அவ்விடம் புண்ணாகும்போது, அடியில் ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதல் ரத்தப்போக்கைவிடப் பெரியது நேரலாம்.

பசை சிரைக்குள்ளேயே சென்று வேலை செய்கிறது. ஹாம்பர்க் நகரில் சோஹெந்திராவின் குழு 1986இல் விவரித்த முறை இது. என்-பியூட்டைல் சயனோஅக்ரிலேட் ரத்தத்தைத் தொட்டதும் நொடிகளில் இறுகிச் சிரையை அடைத்துவிடுகிறது. லிபியோடால் எண்ணெய் கலந்தால் இறுகுவது சற்றுத் தாமதப்படும். எக்ஸ்ரே படத்திலும் பசை தெரியும். இறுகிய கட்டி வாரங்கள், மாதங்கள் கழித்து இரைப்பைக்குள் உதிர்ந்து வெளியேறும்.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனைகள் தைவானிலிருந்து வந்தன. 2001இல் வெளியான, 60 பேரைக் கொண்ட சோதனையில், ஓடிக்கொண்டிருந்த ரத்தம் பசையால் 87 விழுக்காட்டினருக்கும் வளையத்தால் 45 விழுக்காட்டினருக்கும் நின்றது. 2006இல் வெளியான, 97 பேரைக் கொண்ட சோதனையில் ரத்தத்தை நிறுத்துவதில் இரண்டும் சமம். ஆனால் மீண்டும் ரத்தப்போக்கு பசைக் குழுவில் சுமார் 22 விழுக்காடு, வளையக் குழுவில் சுமார் 44 விழுக்காடு. வேறுபாடு முதல் நாளில் தெரியாமல் பின்னர் தெரியக்கூடும் என்பதே இதன் பாடம். மறு ரத்தப்போக்கைத் தடுப்பதில் பசையைப் பீட்டா பிளாக்கர் மாத்திரையோடு ஒப்பிட்டு சரின் குழு 2010இல் வெளியிட்ட முடிவும் பசைக்கே சாதகம்: 15 விழுக்காடு, 55 விழுக்காடு. இவை யாவும் சிறிய சோதனைகள் என்பதையும் மறக்கலாகாது.

பசைக்குத் தன் ஆபத்து உண்டு. பல ஃபண்டஸ் சிரைகளிலிருந்து ரத்தம் அகன்ற இணைப்பு வழியே இடது சிறுநீரகச் சிரைக்குப் போகிறது. இறுகுமுன் நழுவிய பசை அவ்வழியே நுரையீரலை அடையும். இதய இடைச்சுவரில் துளை இருந்தால் மூளைக்கும் போகலாம். ஊசி சிரையில் சிக்குவதும், எண்டோஸ்கோப் பழுதாவதும், கிருமித்தொற்றும் பிற இடர்கள்.

இதற்கு மாற்றாக வந்தது, எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டின் துணையோடு சிரைக்குள் உலோகச் சுருள் வைக்கும் முறை. சுருளின் இழைகளில் ரத்தம் உறைகிறது. பின்னர் செலுத்தும் பசையும் அதில் பற்றி நிற்கிறது. ஈக்வடாரில் 60 பேரிடம் நடந்து 2020இல் வெளியான சோதனையில், சுருள் மட்டும் வைத்தோரில் 20 விழுக்காட்டினருக்கும், சுருளோடு பசையும் பெற்றோரில் 3.3 விழுக்காட்டினருக்கும் மீண்டும் ரத்தப்போக்கு நேர்ந்தது. கருவியின் விலையும் அதைக் கையாளும் பயிற்சியும் இம்முறையைப் பெரிய மையங்களோடு நிறுத்துகின்றன.

எண்டோஸ்கோப்பி தோற்றால் கல்லீரலுக்குள் மாற்றுப்பாதை அமைக்கும் டிப்ஸ் உண்டு; ஜப்பானில் வளர்ந்த பி.ஆர்.டி.ஓ. முறையில் சிறுநீரகச் சிரை வழியே நுழைந்து புடைப்பை அடைப்பதும் உண்டு.

உதகை, கோத்தகிரி மலைப்பாதைகள் இரண்டும் இறங்கிச் சேரும் மேட்டுப்பாளையத்தில் இந்த ஒப்பீட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ரத்த வாந்தியோடு மலையிறங்கும் நோயாளிக்குப் பசையும் சுருளும் கிடைக்கும் பெரிய மையங்கள் இன்னும் சுமார் 35 கிலோமீட்டர் தள்ளிக் கோவையில் உள்ளன. டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு, செஃப்ட்ரியாக்சோன், மூச்சுப்பாதைக்குப் பாதுகாப்பு ஆகியவற்றை எண்டோஸ்கோப்பிக்குக் காத்திராமல் இங்கேயே தொடங்க முடியும். ஹீமோகுளோபின் 7 முதல் 8 கிராம் வரை இருந்தால் போதும். அதற்குமேல் ரத்தம் ஏற்றினால் போர்ட்டல் அழுத்தம் கூடும். நிலைப்படுத்தியபின், நோயாளி வந்து சேர்ந்த 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்யவேண்டும். சிரை எந்த வகை என்பதை அப்போது அடையாளம் காண்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது: சிறுவளைவில் என்றால் வளையமோ பசையோ; ஃபண்டஸில் என்றால் பசை; சிரை மிகப் பருத்து, இணைப்பு அகன்றிருந்து, வசதியும் இருந்தால் சுருளோடு பசை.