திரையில் இருக்கும் நூல், கைமாறும் நூல்

ஐயாவின் நினைவுச் சொற்பொழிவில் மின்வாசிப்புக் கருவி பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் மன்றத் தோழர்கள் சற்றுத் தயங்கினார்கள். தயக்கம் நியாயம்தான். சேரியில் தன் வீட்டுத் திண்ணையில் டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் வைத்து, நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு இரவல் கொடுத்தவர் ஐயா. அந்த நோட்டில் என் பெயரும் உண்டு.

சில ஆண்டுகளாக நான் கிண்டிலில் படிக்கிறேன். நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்தாள் திரை கைப்பேசிபோலக் கண்ணைக் கூசவைப்பதில்லை. ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் தாங்கும். வயதான கண்ணுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஒழுகும் வீட்டில் புத்தகங்களை மழையிலிருந்தும் கரையானிலிருந்தும் காப்பாற்றியவர்களுக்கு இவை சிறிய விஷயங்கள் அல்ல.

இன்னொன்றும் உண்டு. பேருந்தில் அம்பேத்கர் படம் போட்ட புத்தகத்தை விரித்தால் பக்கத்து இருக்கைக்காரர் அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு “எந்த ஊரு?” என்பார். கருவிக்கு அட்டை இல்லை. அந்தக் கேள்வி வருவதில்லை. நிம்மதி என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதே அட்டையைப் பார்த்து ஒரு மாணவன், “அண்ணா, இதை எங்க வாங்குனீங்க?” என்று கேட்டதும் பேருந்தில்தான். அந்தக் கேள்வியும் இப்போது வருவதில்லை.

இனி குறைகள். நமக்கு வேண்டிய பழைய நூல்கள் பல, ஸ்கேன் செய்த பிடிஎஃப்களாகவே கிடைக்கின்றன. அவை பக்கங்களின் படங்கள். ஆறங்குலத் திரையில் எழுத்து எறும்பாகிவிடும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும்.

அதைவிடப் பெரியது உடைமை. கிண்டிலில் காசு கொடுத்து நாம் பெறுவது படிக்கும் உரிமம், புத்தகம் அல்ல. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று காரணம் சொல்லி, ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ஐ வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்பி வந்தது; பின்னர் மன்னிப்பும் வந்தது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் நூலை வெளியிலிருந்தே எடுத்துவிட முடியும் என்பது அன்று தெரிந்துவிட்டது.

நமக்கு இது வெறும் நுகர்வோர் பிரச்சினை அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ எழுத்துகள் 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுப்பாக வந்தன. அதற்குத் துணைநின்றவை, அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தேடிச் சேர்த்துக் காத்த பழைய பிரதிகள். கைமாறிய தாள்தான் நூற்றாண்டைக் கடந்தது. ஒருவரின் கடவுச்சொல்லோடு பூட்டிக்கிடக்கும் நூல் எந்தப் பேரனுக்குக் கிடைக்கும்?

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து பூட்டில்லாமல் தருகிறது. நம் முன்னோர் எழுத்தையும் அப்படி ஏற்றுவது இளைஞர்களின் வேலை. கருவியில் படித்து, பிடித்த நூலில் ஒரு அச்சுப் பிரதியைத் தெரு வாசகசாலைக்கு வாங்கி வைப்பது நம் எல்லோரின் வேலை.

ஐயாவின் நோட்டில் என் பெயருக்கு நேரே ஒரு புத்தகம் இன்னும் திரும்பவில்லை. இன்று கொண்டுவந்திருக்கிறேன். மன்ற நூலகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.