பாட்டுக்கு யார் முதலாளி?
(ஆர்.கே.பேட்டையில் நெசவாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தறியிலிருந்து இறங்கியவர்களும் களையெடுத்துக் கரையேறியவர்களுமாகக் கூடியிருக்கும் நமக்குப் பதிப்புரிமைச் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். நாம் நெய்யும் கைலியையே பாருங்கள். கூலி கைக்கு வந்ததும் நம் பங்கு தீர்ந்தது. மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று கைமாறி விலை ஏறினால், ஏறிய விலையில் நமக்குக் காலணா உண்டா? கவிஞனின் கதியும் இதுதான்.

பாரதி 1921-ல் மறைந்தார். பிறகு அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை குடும்பத்தாரிடமிருந்து சூரஜ்மல் என்ற வியாபார நிறுவனத்துக்குப் போயிற்று. அங்கிருந்து பட முதலாளி ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாருக்கு விலையாயிற்று. அந்த இரண்டாவது விற்பனையில் பங்கு கேட்க, பாரதியின் மனைவி செல்லம்மாளுக்குச் சட்டத்தில் வழியில்லை. 1948-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தார்கள். உரிமை எங்களுடையது என்று ஏவி.எம். தரப்பு மறித்தது. ஊரெல்லாம் வாய்விட்டுப் பாடிய பாட்டுக்கு ஒரே ஒரு முதலாளி! இதைத்தான் ஏகபோகம் என்கிறோம். அன்றைய சட்டப்படி, கவிஞர் இறந்து 50 ஆண்டுகள், அதாவது 1971 வரை, இந்தப் பூட்டு தொங்கியிருக்கும்.

நாரண துரைக்கண்ணன், டி.கே.சண்முகம் முதலானோர் பாரதியை விடுதலை செய் என்று குரல் எழுப்பினார்கள். 1949-ல் ஓமந்தூரார் சர்க்கார் உரிமைகளைப் பெற்றது. செட்டியார் காசு வாங்காமலே கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். செல்லம்மாளுக்கும் இரு பெண்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் கிடைத்தது. 1955-ல் பாடல்கள் பொதுச் சொத்தாயின.

இன்று என்ன நிலை? மறுவிற்பனையில் கலைஞனுக்குப் பங்கு என்று பிரான்ஸ் 1920-லேயே சட்டம் செய்தது. இந்தியாவில் 1994 திருத்தத்தில்தான் வந்தது. அதுவும் மூல ஓவியம், சிற்பம், கையெழுத்துப் பிரதி இவற்றுக்கு மட்டும். விலை 10,000 ரூபாயைத் தாண்டினால், 10 சதவீதத்துக்கு மிகாமல். படப் பாடலாசிரியர் தம் ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றது 2012 திருத்தம்.

ஏகபோகத்தைத் தடுக்க 2002-ல் போட்டிச் சட்டம் பிறந்தது. பதிப்புரிமையைக் காக்க நியாயமான நிபந்தனை போடலாம் என்று அது ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் சந்தையில் ஆதிக்கம் பெற்றவர் அதைத் துஷ்பிரயோகம் செய்தால் விடாது. பாட்டைப் போட்டாலும் போடாவிட்டாலும் மாதம் இவ்வளவு கட்டு என்று டி-சீரிஸ் கம்பெனி வானொலி நிலையங்களுக்கு நிபந்தனை போட்டது. 2014-ல் போட்டி ஆணையம் அதற்கு 2.83 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புகார் கொடுத்தது யார்? இன்னொரு பெரிய கம்பெனி. பாட்டெழுதியவர் அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

நம் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களிடமும் பதிவு செய்கிறவர்கள் எழுதி வாங்குகிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு சொல்வதைக் கேளுங்கள்: காலம் குறிக்காவிட்டால் ஒப்பந்தம் 5 ஆண்டுதான், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள்தான். ஆகவே 'என்றென்றைக்கும்', 'உலகமெங்கும்' என்ற வார்த்தைகள் காகிதத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுவதா என்று யோசிப்போம்.