கண்டி நகரில் நோன்புப் பெருநாள்



பிறை ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதை நூல்களில் படித்திருக்கிறோம்; அயலூருக்குச் சென்ற பின்னரே அதன் பொருள் விளங்குகிறது. ரமழானின் கடைசிப் பத்தில் நான் கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் ஓர் அன்பர் இல்லத்தில் தங்கியிருந்தேன். ஒரு மாலை, பிறை தென்பட்டது, நாளை பெருநாள் என்று தமிழகத்திலிருந்து தொலைபேசியில் செய்தி வந்தது. இங்கோ மலைகளெங்கும் மேகம். வானத்தை நோக்கினோரை விட வானொலிக்குச் செவி சாய்த்தோரே மிகுதி. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் உலமாக்கள் கூடி, பல ஊர்களிலிருந்தும் வரும் சாட்சியங்களை ஆராய்ந்து அறிவிப்பது இலங்கை வழக்கம். அன்று பிறை இல்லை என்றே முடிவாயிற்று.

இலங்கை முஸ்லிம்களுள் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். பயணி தான் வந்து சேர்ந்த ஊராரோடு ஒத்து நோன்பு நோற்க வேண்டும் என்பது அம்மத்ஹபின் தீர்ப்பு. ஆகவே, என் பிள்ளைகள் புத்தாடை உடுத்திய நாளில் நான் நோன்பாளி. மனம் சோர்ந்ததை மறைப்பானேன்? கஞ்சி மட்டும் ஆறுதல் அளித்தது. அது எங்கள் ஊர்க் கஞ்சிக்கு நெருங்கிய உறவு, தேங்காய்ப்பால்தான் சற்றுத் தாராளம்.

அடைக்கலம் நாடி வந்தோரைக் கண்டி நன்கறியும். 1626-இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியினின்று முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டான். பலரைக் கிழக்குக் கரையில் குடியேற்றினான். 1883-இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட எகிப்தின் உராபி பாஷா, 1892 முதல் கண்டியில் வாழ்ந்து, 1901-இல்தான் தாயகம் திரும்பினார். ‘முஸ்லிம் நேசன்’ நடத்திய கண்டி அறிஞர் சித்தி லெப்பை அவருக்கு உற்ற துணையாயிருந்தார். ஒரு நாள் தள்ளிப் போனதற்கே நான் ஏங்கினேன். அவர் தம் மண்ணைக் காணாமல் கழித்த பெருநாள்கள் எத்தனை!

மறுநாள் அந்தி சாய்ந்ததும் தக்பீர் முழக்கம் எழுந்தது. வீட்டுப் பெரியவர் தலைக்குச் சுமார் இரண்டரைக் கிலோ வீதம் ஃபித்ரா அரிசி அளந்தார். என் பங்கை ஊருக்கு அனுப்பலாமோ என்று வினவினேன்.

“பொழுது படக்குள்ள நீங்க இங்கதானே இருந்தீங்க, தம்பி? உங்கட அரிசியும் இந்த ஊர் ஏழைக்குத்தான்” என்றார்.

அந்த அரிசியோடு நானும் அவ்வூரில் ஒருவனானேன்.

2018 மார்ச்சில் திகன, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை நான் கேளாமலே அவர் சொன்னார், நெடுநேரம் சொல்லவில்லை. பெருநாள் காலை மீரா மக்காம் பள்ளிவாசலில் தொழுது திரும்பியதும், கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த வட்டிலப்பத்தை ஒரு தட்டில் எடுத்து, பேரனிடம் கொடுத்து, அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கு அனுப்பினார். சிறுவன் திரும்பி வரும்வரை வாசலில் நின்றார். தட்டு நிறைய வாழைப்பழத்தோடு அவன் வந்தான்.