போரின் பழியைச் சிப்பாய் சுமப்பதா?
(கருத்தரங்க உரையின் சுருக்கம்)



ஏகாதிபத்தியப் படையின் சிப்பாய்க்காக நாம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் வினவலாம். வியட்நாம் போரின்போது கல்லூரி மாணவர்க்குக் கட்டாயப் படைச்சேர்ப்பிலிருந்து ஒத்திவைப்புக் கிடைத்தது; களத்திற்குச் சென்றோரில் பெரும்பாலோர் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளே.

திரும்பியோரில் பலர் போதைப்பழக்கம், கீழ்ப்படியாமை, அனுமதியின்றிப் பணிக்கு வராமை ஆகிய குற்றங்களுக்காகக் கண்ணியக் குறைவான விடுவிப்புச் சான்றுடன் வெளியேற்றப்பட்டனர். அத்தாள் உதவித்தொகைக்கும் மருத்துவத்திற்கும் தடையாயிற்று. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்னும் பெயர் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது 1980இல்தான். பெயரே இல்லாத நோயை எவர் மெய்ப்பிக்க இயலும்?

2014 மார்ச்சில் முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் பாதுகாப்புத் துறைச் செயலர் சக் ஹேகல், இத்தகைய மனுக்களைத் தாராள நோக்குடன் பரிசீலிக்குமாறு வாரியங்களைப் பணித்தார். 2017ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் நான்கு கேள்விகளை வகுத்தது: நோய் இருந்ததா? பணிக்காலத்தில் நேர்ந்ததா? ஒழுங்கீனத்தின் கடுமையை அது குறைக்கிறதா? வெளியேற்றத்திற்கான காரணத்தைவிட அது கனமானதா? வீரரின் வாக்குமூலமே சான்றாகலாம் என்றும் அது ஏற்றது.

ஆயினும் விண்ணப்பிக்கும் சுமை வீரரின் தோளிலேயே உள்ளது, மறுப்புகளும் தொடர்கின்றன. போருக்கு ஆணையிட்டோர் ஓய்வூதியத்துடன் இளைப்பாற, ஆணையை ஏற்றவன் மட்டும் குற்றவாளியாய் நிற்பது வர்க்க நீதி. போரை எதிர்ப்பதும் அவனுக்கு நியாயம் கேட்பதும் ஒரே போராட்டமே, தோழர்களே.