ஒரே ஒரு எழுத்து: லினக்ஸ் நோண்டும் பொழுதுபோக்கு பற்றி

(ஒலிப்பதிவிலிருந்து எழுதி, படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இந்த வாரம் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். போன அத்தியாயத்துக்கு வந்த கேள்விகளில் ஒன்று: "எதுக்குங்க இத்தனை ஓஎஸ் மாத்தி மாத்திப் போடுறீங்க? கடைசியில எதுலதான் வேலை பார்க்குறீங்க?"

நியாயமான கேள்வி. நான் வேலை பார்ப்பது டெபியனில். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப் பதிப்பு வந்தால் மாற்றுவேன், மற்றபடி அதைத் தொடவே மாட்டேன். ஆனால் மேஜையின் இன்னொரு மூலையில் ஒரு பழைய நெட்புக் இருக்கு. ஆட்டம் என்270 பிராசசர், 1 ஜிபி ரேம். இன்னைக்கு ஒரு பிரௌசரில் நாலு டேப் திறந்தாலே மூச்சு வாங்கும். நோண்டுறது எல்லாம் அதில்தான். அதில் ஏறி இறங்காத லினக்ஸ் கொஞ்சம்தான். சில நேரம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூணு.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா, 2008-ல் வீட்டுக்குத் தபாலில் ஒரு குறுந்தகடு வந்தது. உபுண்டு 8.04. அப்போ கெனானிக்கல் நிறுவனம் ஷிப்இட்னு ஒரு ஏற்பாடு வெச்சிருந்தாங்க. முகவரி கொடுத்தா போதும், காசு வாங்காமல் சிடி அனுப்புவாங்க. 2011-ல் அதை நிறுத்திட்டாங்க. எங்க அம்மா அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "வெளிநாட்டுல இருந்து உனக்கு யாருடா சும்மா அனுப்புறா?"ன்னு கேட்டது ஞாபகம் இருக்கு. அம்மாவுக்கு அது ஏதோ மோசடின்னு சந்தேகம். கொஞ்ச நாள் வரைக்கும் "பணம் கேட்டு லெட்டர் வந்துச்சா?"ன்னு விசாரிச்சுட்டே இருந்தாங்க.

அந்த சிடியைப் போட்டதும் என்னைப் பிடிச்சது வேகமோ அழகோ இல்லை. ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே முழு சிஸ்டமும் சிடியிலிருந்து ஓடினதுதான். பிடிக்கலைன்னா சிடியை எடுத்துட்டு ரீபூட் பண்ணினா எல்லாம் பழையபடி. அதுவரைக்கும் கம்ப்யூட்டர்னா எனக்கு மூடி போட்ட பெட்டி. ஏதாவது கெட்டுப்போனா கடைக்குத் தூக்கிட்டுப் போகணும், அவர் ஃபார்மட் பண்ணித் தருவார், அவ்வளவுதான். இதில் என்னடான்னா, பூட் ஆகும்போது ஒவ்வொரு வரியா என்ன நடக்குதுன்னு சொல்லுது. வைஃபை வேலை செய்யலைன்னா ஏன் செய்யலைன்னும் சொல்லுது. படிச்சா புரியாது, அது வேற விஷயம். ஆனா சொல்லுது.

கர்னலை நானே கம்பைல் பண்ணின கதையைச் சொல்லியே ஆகணும். நெட்புக்கில் முழு கர்னலையும் கம்பைல் பண்ணினா விடிஞ்சிரும். அதுக்கு ஒரு குறுக்கு வழி, "மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்"னு ஒரு கட்டளை. இப்போ இந்த மெஷினில் எந்தெந்த மாட்யூல் ஏறியிருக்கோ அதை மட்டும் வெச்சுக்கும், மற்றதைக் கழிச்சிடும். அருமைன்னு ஓட்டினேன். கம்பைல் ஆச்சு, பூட் ஆச்சு, எனக்குத் தலைகால் புரியலை. மறுநாள் பென்டிரைவைச் செருகினால் ஒண்ணுமே நடக்கலை. ரெண்டு மணி நேரம் பென்டிரைவைத் திட்டினேன். காரணம் என்னன்னா, அந்தக் கட்டளையை ஓட்டின நேரத்தில் பென்டிரைவ் எதுவும் செருகியிருக்கலை. அதனால யுஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூல் ஏறியிருக்கலை. ஏறாததைத் தேவையில்லைன்னு அது கழிச்சிடுச்சு. நான் சொன்னதை அப்படியே செஞ்சிருக்கு, பாவம். அதைக் கண்டுபிடிச்ச அந்த நிமிஷம் இருக்கே, அதுக்காகத்தான் இதெல்லாம்.

சரி, இதுவரைக்கும் சொன்னது ஜாலியான பக்கம். இந்தப் பொழுதுபோக்கால் ஒரு தடவை வீட்டில் முகத்தைக் காட்ட முடியாமப் போச்சு. அதை இதுவரைக்கும் இங்கே சொன்னதில்லை.

2012. அக்கா வீட்டு லேப்டாப் மெதுவா இருக்குன்னு அத்தான் என்கிட்ட கொடுத்துட்டுப் போனார். விண்டோஸ் 7, 320 ஜிபி டிஸ்க். அதைச் சுத்தம் பண்ற வேலை அரை மணி நேரத்தில் முடிஞ்சிருச்சு. பண்ணிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கணும். ஆனா என் நெட்புக்கில் சிடி டிரைவ் கிடையாது, இந்த லேப்டாப்பில் இருக்கு. நெட்டும் வேகமா வருது. சரி, இதிலேயே ஒரு லைவ் சிடியைப் போட்டு, நெட்புக்குக்கு ஒரு பென்டிரைவ் தயார் பண்ணிக்கலாம்னு உட்கார்ந்தேன்.

டிடின்னு ஒரு கட்டளை இருக்கு. தெரிஞ்சவங்க இப்பவே சிரிப்பீங்க. எங்கிருந்து எடுக்கணும், எங்கே எழுதணும், ரெண்டைச் சொன்னா போதும், கேள்வியே கேக்காம எழுதும். "நிச்சயமா?"ன்னு கேக்காது. டிஸ்க் டெஸ்ட்ராயர்னு செல்லப் பேரே உண்டு. லேப்டாப்பின் டிஸ்க் எஸ்டிஏ, பென்டிரைவ் எஸ்டிபி. நான் எஸ்டிஏன்னு தட்டினேன். ஒரே ஒரு எழுத்து.

சந்தேகம் வந்தது எப்படின்னா, பென்டிரைவின் விளக்கு மினுக்கவே இல்லை. 700 எம்பி எழுத அந்தப் பென்டிரைவ் எப்பவும் ரெண்டு மூணு நிமிஷம் எடுக்கும், இது அரை நிமிஷத்தில் முடிஞ்சிருச்சு. திரையில் அந்தக் கட்டளை இன்னும் அப்படியே நிக்குது. படிச்சேன். வயித்துக்குள்ள ஏதோ கழண்டு விழுந்த மாதிரி இருந்தது.

அந்த லேப்டாப்பில் அக்கா கல்யாண போட்டோ எல்லாம் இருந்தது. 2010-ல் கல்யாணம். போட்டோகிராபர் கொடுத்த ஆல்பம் தனியா இருக்கு, அது பரவாயில்லை. இது சொந்தக்காரங்க எடுத்தது. அதில்தான் ஆச்சி இருந்தாங்க. கல்யாணம் முடிஞ்ச அடுத்த வருஷம் ஆச்சி தவறிட்டாங்க.

அத்தான் போன் பண்ணினப்போ நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டிஸ்க்கே போகப்போற நிலைமையில இருந்திருக்கு அத்தான். பார்க்குறேன்." பச்சைப் பொய். டிஸ்குக்கு ஒரு குறையும் இல்லை. அவர் நம்பின மாதிரி "சரி மாப்ள, பாத்துச் செய்"னு வெச்சிட்டார்.

இதில் ஒரு சின்ன ஆறுதல், எழுதினது 700 எம்பி மட்டும்தான். டிஸ்கின் தொடக்கம் அழிஞ்சு, பகுதிகள் எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுதுன்னு சொல்ற அட்டவணை போச்சு. மீதி 319 ஜிபி அங்கேயேதான் கிடக்கு, யாருக்கும் வழி தெரியலை, அவ்வளவுதான். டெஸ்ட்டிஸ்க்னு ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கு, கிறிஸ்டோஃப் கிரெனியர் எழுதினது. அது டிஸ்கைத் தேடிப் பார்த்து டி டிரைவை அப்படியே மீட்டுக் கொடுத்திருச்சு. ஆனா போட்டோ எல்லாம் சி டிரைவில், டெஸ்க்டாப்பிலேயே.

அதே ஆள் எழுதின ஃபோட்டோரெக் இருக்கு. அது அட்டவணை, கோப்புப் பேர் எதையும் பார்க்காது. டிஸ்கை ஒவ்வொரு துண்டா படிச்சுட்டுப் போகும். ஒரு ஜேபெக் படம் எந்த பைட்டுகளில் ஆரம்பிக்கும்னு அதுக்குத் தெரியும். அந்த அடையாளம் எங்கே தெரியுதோ அங்கிருந்து அள்ளி வேற டிஸ்கில் போடும். அதே டிஸ்கில் போடக்கூடாது, ரொம்ப முக்கியம். நண்பன்கிட்ட ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் கடன் வாங்கி ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில் பார்த்தா 11,000 படத்துக்கு மேல. பிரௌசர் ஐகான், விளம்பரப் பட்டை, எல்லாம் கலந்து. ஒண்ணுக்கும் பேர் இல்லை, எஃப் போட்டு ஒரு எண்.

அதில் கல்யாணத்தைத் தேடிப் பிடிக்க எக்சிஃப்டூல் உதவிச்சு. படத்துக்குள்ளேயே கேமரா எழுதி வெச்ச தேதியைப் படிச்சு, அதன்படி பேர் மாத்தும். முகூர்த்தத்துக்கு முந்தின நாளிலிருந்து மறுவீடு வரைக்கும் வரிசையா வந்து நின்னுச்சு. சித்தப்பா கேமராவில் மட்டும் தேதியே செட் பண்ணலை. அவர் எடுத்தது பூராவும் கல்யாணத்துக்கு அஞ்சு வருஷம் முன்னாடி ஜனவரி ஒண்ணாம் தேதி நடந்ததா காட்டுச்சு. அதைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிச்சேன். நாலு ராத்திரி.

பெரும்பாலும் கிடைச்சிருச்சு. ஆச்சி அக்கா தலையில் கை வெச்சு ஆசீர்வாதம் பண்ற படம் பாதிதான் வந்தது. மேல் பாதி சரியா இருக்கு, கீழே பூரா சாம்பல் நிறம். கோப்பு டிஸ்கில் துண்டு துண்டா கிடந்தா ஃபோட்டோரெக் இப்படித்தான் தடுமாறும். ரொம்பப் பின்னாடி படிச்சப்போதான் இன்னொண்ணு தெரிஞ்சது. என்டிஎஃப்எஸ்ஸில் பூட் செக்டருக்கு ஒரு நகல் அந்தப் பகுதியின் கடைசியில் இருக்கும். டெஸ்ட்டிஸ்கில் அதை வெச்சு முயற்சி பண்ணியிருந்தா, கோப்புகள் பேரோட, முழுசாவே கிடைச்சிருக்க வாய்ப்பு உண்டு. அவசரத்தில் அந்த மெனுவை நான் திறந்தே பார்க்கலை. இது இன்னைக்கும் உறுத்துது.

விண்டோஸைத் திரும்பப் போட்டு, எல்லாத்தையும் அடுக்கி, கொண்டுபோய்க் கொடுத்தப்போ உண்மையைச் சொன்னேன். அத்தான் சிரிச்சார். "அன்னைக்கே தெரியும் மாப்ள. டிஸ்க் போச்சுன்னா புது டிஸ்க் வாங்கணும்னுல்ல சொல்லியிருப்ப. நீ காசே கேக்கலையே." அக்கா சிரிக்கலை. ரொம்ப நாள் சரியா பேசலை. அந்தப் பாதிப் படத்தைச் சாம்பல் பாகம் போக வெட்டிப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கா. போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அதுக்கப்புறம் அடுத்தவங்க மெஷினில் நோண்டுறதே கிடையாது. டிடிக்கு முன்னாடி எல்எஸ்பிஎல்கே தட்டி, எந்த டிஸ்க் எத்தனை ஜிபின்னு சத்தமா வாசிப்பேன். வீட்டில் கேலி பண்ணுவாங்க, பண்ணட்டும்.

இதோட நிறுத்திட்டியான்னா, இல்லை. என் கேள்வியே வேற. ஒரு வார்த்தை கேக்காம அந்த டிஸ்கை அழிச்சதும் கட்டற்ற மென்பொருள்தான், அதை மீட்டுக் கொடுத்ததும் அதுதான். ரெண்டுமே என்னை விவரம் தெரிஞ்ச ஆளா நினைச்சு மதிக்குது. அன்னைக்கு நான் அப்படி இல்லை. "நிச்சயமா?"ன்னு எல்லாத்துக்கும் கேக்குற சிஸ்டம் வேணுமான்னு கேட்டா, அக்காவுக்கு வேணும்னுதான் சொல்வேன். எனக்கு? என் நெட்புக்கில் வேண்டாம்.

அந்த நெட்புக்குக்கும் இப்போ ஒரு சிக்கல். அது 32 பிட் மட்டும்தான். உபுண்டு எப்பவோ கைவிட்டாச்சு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லும் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலர் கிடையாது. அதனால் இந்த வாரம் லினக்ஸே இல்லாத ஒண்ணைப் போட்டிருக்கேன், ஹைக்கூ. பழைய பீஓஎஸ்ஸைத் திரும்ப உருவாக்கணும்னு 2001-ல் ஆரம்பிச்ச திட்டம், இன்னும் பீட்டாதான். இந்த மெஷினில் அது பூட் ஆகுற வேகத்தைப் பார்த்தா கோபமே வரும், மத்ததெல்லாம் இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்ததுன்னு. வைஃபை மட்டும் இன்னும் எழுந்திருக்கலை. லாகில் ஒரு வரி கிடைச்சிருக்கு, ஃபர்ம்வேர் சமாச்சாரம் மாதிரி தெரியுது. அடுத்த அத்தியாயத்துக்குள்ள பிடிச்சிட்டா சொல்றேன். உங்ககிட்டயும் ஆட்டம் நெட்புக் கிடந்தா, பரணிலிருந்து இறக்கிட்டு எனக்கு எழுதுங்க.