ஞாயிறு பள்ளி ஆசிரியைக்கு நம் நன்றி



அடுக்கத்து ஆலயத்தில் ஞாயிறுதோறும் நம் சிறுவர்க்குப் பாட்டும் கதையும் எழுத்தும் சொல்லித் தரும் அம்மையாரைப் பாராட்டக் கூடியுள்ளோம். நாம் முதல் வகுப்பில் சேர்க்கும் பிள்ளைகளுள் அவரிடம் பயின்றோரை உடனே அடையாளம் காண்கிறோம். பெயரைக் கேட்டால் அவர்கள் தலை குனிவதில்லை. நம் பிள்ளைகளுக்கு அதுவே முதற்பாடம் அன்றோ!

அவருக்கு ஊதியமில்லை, பட்டமுமில்லை. பட்டம் என்றதும் தஞ்சை இராஜநாயக்கன் நினைவுக்கு வருகிறார். தீண்டாமைக் கொடுமைக்குள்ளான குலத்தில் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர் அவர். தரங்கம்பாடியில் 1714-இல் அச்சேறிய தமிழ் நற்செய்திகளைப் படித்துத் தரங்கம்பாடிச் சபையிற் சேர்ந்து, உபதேசியாரானார். 1733-இல் வேளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். பின்னர் இராஜநாயக்கனுக்கும் அதனை அளிக்கும் எண்ணம் எழுந்தது. அவர் கையால் நற்கருணை பெறப் பிற சாதியார் உடன்படார் என அஞ்சிக் கைவிட்டனர். அவரோ கற்பிப்பதைக் கைவிடவில்லை. 1771-இல் மறையும்வரை உபதேசியாராகவே உழைத்தார். மறுத்த பட்டம் சபைக்கே இழுக்கு, அவருக்கன்று.

இளைஞர்கள் பலர் ஆரோனை அறிவர், இவரை அறியார். ஆகவே விரித்துக் கூறினோம்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பிள்ளைகளைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்லும் பெற்றோரே, ஞாயிறு காலையில் அவர்களை அம்மையாரிடம் அனுப்புங்கள். நோட்டும் எழுதுகோலும் படப்புத்தகங்களும் அவர் தம் கைப்பணத்தில் வாங்குவதாக அறிகிறோம். அச்செலவை இவ்வாண்டு முதல் நம் சங்கம் ஏற்க வேண்டும்.